வீட்டில் செய்த மூச்சிதழ்

செவ்வாய்க் கிரகத்தில் சட்டை தைக்கும்போது மார்பின் இடப்பக்கம் ஒரு வட்டம் வெட்டி விடுவார்கள். அதன் வழியே மூச்சிதழ் வெளியே தெரியும். தூசியை வடிகட்டிக் காற்றை உள்ளே விட்டு மூடிக்கொள்ளும் சின்னக் கருவி அது. காது குத்தும் வயதில் பிள்ளைகளுக்கு அதைப் பொருத்திவிடுவார்கள். துணி மூடினால் மூச்சுத் திணறும். அதனால் யாருடையது எந்த மாதிரி, நீல விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்.

தணிகாசலத்தின் மூச்சிதழ் பன்னிரண்டு நாளைக்கு முன் கிழிந்தது. அந்த மாதிரிக்கு உதிரிபாகம் வருவதில்லை. புதியதற்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அவர் மனைவி செங்கமலம் குக்கர் வளையத்தை மூன்று இதழாக வெட்டினாள். ஊறுகாய் ஜாடி மூடியில் துளையிட்டு, நைலான் நூலால் தைத்தாள். முதலாவது ஒழுகியது. இரண்டாவது ஒட்டிக்கொண்டது. நான்காவதை மாட்டியதும் அவர் இருமாமல் மூச்சு விட்டார். மூடியில் இருந்த ‘ஆவக்காய்’ என்ற எழுத்துதான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

அன்று மகள் வானதியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“இதைக் கழட்டு. கம்பெனியதையே மாட்டு.”

“கிழிஞ்சதையா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?”

“விளக்கு எரியுதில்ல? போதும். சம்பந்தி எதிர்ல ஆவக்காயோட உட்காரச் சொல்றியா?”

“எழுத்து மேல நீலப் பொட்டு ஒட்டி விடறேன்.”

“ஒட்டு. அப்படியே பூவும் வெச்சு விடு.”

“கிழிஞ்சது அரை மணிக்கு மேல தாங்காதுங்க.”

“டீ குடிச்சதும் போயிடுவாங்க.”

“அப்பா, இந்தச் சம்பந்தம் இல்லாட்டிப் போகுது” என்றாள் வானதி.

“நீ போய்ப் புடவையை மாத்து.”

தணிகாசலம் கிழிந்ததையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வந்திறங்கிய மாப்பிள்ளையின் அப்பா சிதம்பரநாதர் மார்பிலும் நீல விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் மனைவி கற்பகவல்லி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். பிள்ளையும் பெண்ணும் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினார்கள்.

“உங்க பக்கம் தூசி எப்படி?” என்றார் தணிகாசலம்.

“பரவால்ல. உங்க பக்கம்?”

“பரவால்ல.”

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பெரிய மனிதர், அளந்து பேசுகிறார் என்று இவர் நினைத்தார். அவரும் இவரைப் பற்றி அதையேதான் நினைத்தார்.

இருபத்தைந்தாவது நிமிடம் சிதம்பரநாதர் சோபாவைப் பிடித்து எழுந்தார். தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பிய மாதிரி இருந்தது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் பேசிவிட்டது.

“சாப்பிடாம... போனா... எப்படி?”

மறுத்தால் மரியாதையில்லை. வந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

செங்கமலம் உள்ளே ஓடினாள். ஊறுகாய் மூடியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். அதற்குள் சிதம்பரநாதரின் தலை சாய்ந்துவிட்டது. கற்பகவல்லி அவசரமாகக் கைப்பையைத் திறந்தாள். பவுடர் டப்பா மூடி ஒன்றில் செருப்பு ரப்பரை இதழ் இதழாக வெட்டி ஒட்டியிருந்தது. நல்ல கைவேலை. ஆறு நாளாக அவர் அதில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அதைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போன கம்பெனியதை மாட்டினார்.

செங்கமலம் நிற்பதைப் பார்த்ததும் கற்பகவல்லி பையைச் சட்டென்று மூடினாள்.

“ஒண்ணுமில்லைங்க. வந்த அலுப்பு, கண்ணசந்துட்டார்.”

“இவரும் அப்படித்தான். மதியம் கொஞ்சம் சாய்வார்” என்றாள் செங்கமலம். தணிகாசலம் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். முந்தானைக்குள் இருந்த மூடியை அவள் வெளியே எடுக்கவில்லை. சம்மதம் என்ற வார்த்தை இன்னும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

“நீங்க போய் இலையைப் போடுங்க, சம்பந்தி.”

“போடறேன். நீங்க மொதல்ல கை கழுவிட்டு வாங்க.”

“அட, நீங்க போங்க.”

“நல்லாருக்கே, விருந்தாளியை விட்டுட்டா? நீங்க போங்க.”

இருவரும் சிரித்த முகம் மாறாமல், நின்ற இடத்திலேயே நின்றார்கள்.