கடைசி விசிட்

"ஐயோ... சாவியைக் காணோம்!"

அம்மாக்காரியின் அலறல் அந்த மூன்றாவது மாடி வீட்டை ஒரு குலுக்குக் குலுக்கியது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய உதவிப் பணியாளர் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. இந்த வீட்டுக்கு இன்று கடைசி விசிட். எட்டு வயது வாண்டும் கைக்குழந்தைத் தம்பியும் நலம், கேஸை மூடிவிடலாம் என்று மேலதிகாரியிடம் சொல்லியாகிவிட்டது.

"கதவுலயேதானே இருந்துச்சு?"

"ஆமா மேடம்! நீங்க உள்ள வந்ததும் நான்தான் பூட்டினேன்... இப்ப இல்லியே!"

"பதறாதீங்க. தேடுவோம்."

தேடினார்கள். சோபாவுக்கு அடியில்... செருப்பு ஸ்டாண்டில்... துணி மூட்டையில்...

ஊஹூம்!

ஜன்னலெல்லாம் கம்பி. பால்கனியில் வலை. எலிப்பொறியில் மாட்டிக்கொண்டது போல் பணியாளருக்கு மூச்சு முட்டியது.

வாண்டு மட்டும் தேடவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

பணியாளர் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தாள். "பூட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கேன். கொஞ்ச நேரம் ஆகுமாம்."

"கொஞ்ச நேரமா!" அம்மாவின் முகம் வெளுத்தது. "அதுக்குள்ள என் வீட்டுக்காரர் வந்துடுவாரே!"

"வரட்டுமே. அவர்கிட்டயும் ஒரு சாவி இருக்குமில்ல?"

"உங்களுக்குப் புரியாது மேடம்..."

"போன வாரம்கூட எவ்வளவு தங்கமாப் பேசினார்! பிள்ளைங்களை மடியில வெச்சுக்கிட்டு..."

"நீங்கதான் வர்றதுக்கு முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிடறீங்களே... அவரும்..."



தட்... தட்... தட்...

படிக்கட்டில் கனத்த காலடிகள்!

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வாண்டு தம்பியின் காதைப் பொத்தினாள். யாரும் சொல்லவில்லை. பழகிய கை!

பணியாளர் தலையில் அடித்துக்கொண்டாள். 'எத்தனை விசிட்! எத்தனை கேள்வி கேட்டேன்! இதைப் போய்க் கோட்டை விட்டேனே...'

வெளியே சாவி திரும்பியது. கதவு படாரென்று திறந்து, அதன் பக்கத்தில் நின்ற பணியாளரைச் சுவரோடு சேர்த்து மறைத்தது.

"தொலைஞ்சாளா அந்தப் பொம்பள?"

அப்பன்காரன்! போன வாரத் தங்கம் இன்று பித்தளையாய் இளித்தது.

"இன்னியோட கேஸ் க்ளோஸ்! இனிமே எவ வந்து கேக்கறான்னு பாக்கறேன். ஏய் வாண்டு! போன வாரம் அவ முன்னாடி என்னையே முறைக்கிறியா? வாடி இங்க!"

இடுப்பு பெல்ட் சரக்கென்று உருவப்பட்டது.

உயர்ந்தது...

இறங்கவில்லை!

பின்னாலிருந்து ஒரு கை அதை இறுகப் பிடித்திருந்தது.

"அந்தப் பொம்பள இன்னும் தொலையல சார்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மே... மேடம்! சும்மா... விளையாட்டுக்கு..."

"அப்படியா? போலீஸையும் ஆட்டத்துல சேத்துக்கலாம். இருங்க!"

அவன் வாசலுக்குப் பாய்ந்தான். அங்கே ஆஜானுபாகுவாய்ப் பூட்டுக்காரர், கையில் சுத்தியலோடு!

"எதைத் திறக்கணும் மேடம்?"

"எதையும் திறக்காதீங்க! இந்த ஆளை வெளிய விடாம அப்படியே நில்லுங்க!"

சிறிது நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது. பணியாளர் வெட்கத்தோடு வாண்டின் முன்னால் மண்டியிட்டாள்.

"சாவியை எடுத்தது... நீதானே?"

வாண்டு தலையாட்டினாள். "அவர் நல்லவரா இருக்கறப்ப மட்டும் வந்துட்டுப் போயிடறீங்க ஆன்ட்டி. நான் சொன்னா நம்பியிருப்பீங்களா? அதான், கெட்டவரா வர்ற வரைக்கும் உங்களைப் பூட்டி வெச்சேன்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள் பணியாளர். கண்ணீர் நிற்கவில்லை.

"வீட்டையே சல்லடை போட்டுத் தேடினோமேடி! எங்க ஒளிச்சே?"

"தம்பி டயப்பர்ல. இந்த வீட்ல அதை மாத்தறது நான் ஒருத்திதான்... இந்தாங்க ஆன்ட்டி, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாங்கிக்கோங்க!"