கொம்பு விலகிய எழுத்து

மனைவி இறந்த நான்காம் நாள் காலை, குடிநீர்ப் பங்கோடு அவளுடைய நினைவேடும் பூவராகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. செவ்வாய்க் குடியிருப்பில் அது வழக்கம்தான். குடியேறும்போது பிடரியில் பதிக்கும் மனச்சில்லு, ஒருவர் மனத்தில் சொல்லிக்கொள்வதையெல்லாம் எழுதி வைக்கும். இறந்தபின் அந்தக் கோப்பு வீட்டாருக்கு.

அலர்மேலும் அவரும் பதினொரு வருடங்களாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவளைக் கேட்காமலே செவ்வாய்க் குடியேற்றத்துக்கு இருவர் பெயரையும் கொடுத்தவர் அவர். கோப்பைப் பார்த்ததும் திறந்தார். ஆனால் அது பக்க அளவு மாறாத நிலைவடிவத்தில் இருந்தது. அவருடைய சிறிய மின்படிப்பானில் எழுத்துகள் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. திரைக்கேற்ப மடங்கும் ஒழுகுவடிவத்துக்கு மாற்றினார். பத்திகள் ஒட்டிக்கொண்டன. மறுபடி திறந்து மாற்றினார். ஓரம் அகலமாகிவிட்டது. எழுத்துரு பிடிக்கவில்லை. அட்டைக்கு அவளுடைய படம் ஒன்றைத் தேடி இரண்டு நாள் போயிற்று.

அலர்மேலின் தங்கை குமுதா ஆறாம் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, அக்கா என்ன எழுதியிருக்கா?"

"இன்னும் படிக்கலம்மா. கொஞ்சம் ஒழுங்குபண்ணிட்டு நிதானமாப் படிக்கணும். அவளோடதாச்சே."

அவர் பொய் சொல்லவில்லை. படிக்கப் பயமாக இருந்தது. திருத்துவதற்குப் பயமாக இல்லை.

இருபத்திரண்டாம் நாள், நாற்பதாம் பக்கத்தில் ஒரு 'கோ'வின் கொம்பு விலகித் தனியே நின்றது. அதைச் சரிசெய்யப் போனவர் அந்த வரியை வாசித்துவிட்டார்.

'கோபமெல்லாம் போயிடுச்சுங்க. என் பூமிப் பயண உரிமையைக் கொடுத்து, செத்தப்புறம் மனக்கிடங்குல முப்பது நாள் முழிச்சிருக்க இடம் வாங்கிட்டேன். செத்தவங்க கூப்பிடக் கூடாதுன்னு சட்டம். அதனாலதான் இதுல எழுதறேன். வாங்க, பேசலாம்.'

இன்னும் எட்டு நாள் இருந்தது! பூவராகன் பிராணவாயு உறையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். அத்தனை வருடம் கழித்து, என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தார்.

மனக்கிடங்கின் பொறுப்பாளர் ஜெசிந்தா பதிவைத் தேடினாள்.

"அலர்மேல் அம்மாவா? அவங்க ஒன்பதாம் நாளே அணைக்கச் சொல்லிட்டாங்களே சார்."

"முப்பது நாள்னு எழுதியிருக்காளே!"

"ஆமா. ஆனா தினமும், 'அவர் ஏட்டைத் திறந்தாரா?'ன்னு கேப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது சார், எத்தனை தடவை திறந்தாங்கன்னு மட்டும் தெரியும்."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். ஒன்பதாம் நாள் வரைக்கும் நூற்றுப் பன்னிரண்டு தடவை."

திறந்தால் படித்ததாகவே பொருள் என்ற விதியை, பூமியிலிருந்து வந்த முதல் கப்பலிலேயே கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதை யாரும் திருத்த நினைத்ததில்லை.

பூவராகன் பதிவுத்திரைப் பக்கம் குனிந்தார்.

"கேட்டுட்டு... என்ன சொன்னா?"

ஜெசிந்தா பதிவைப் பார்த்துச் சொன்னாள்.

"'அத்தனை தடவை படிச்சும் வரலேன்னா, அவருக்கு இன்னும் கோபம் தீரல'ன்னாங்க."