கீழ்த்தாடை

கொடியில் ஒரு பூ குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதாக வார்த்தது யசீகரனுக்கு நல்ல ஞாபகம். இப்போது இடப்பக்கம் எட்டுத்தான். பகலெல்லாம் யார் யார் வீட்டுச் சீலிங்குக்கோ பிளாஸ்டர் பூசிவிட்டு, ஐந்தரைக்கே இருட்டிவிடும் தென்கோளத்துக் குளிர்கால ஜூலையில், பக்குரங்காவிலுள்ள தன் வீட்டுக் கராஜில் வந்து நிற்கிறவனுக்கு முழங்கால்கூடச் சொல்வழி கேட்பதில்லை. கண் மட்டும் கேட்குமா என்று விட்டுவிட்டான்.

ஒடாஹுஹுவில் கம்போடியச் சாப்பாட்டுக்கடை திறக்கவிருக்கும் சொவனுக்காக, அவர்களுடைய பழைய கோயிலொன்றின் வாசல் மேற்கல்லைப் படம் பார்த்துப் பிளாஸ்டரில் வார்த்திருந்தான். நடுவில் பிதுங்கிய கண்களோடு ஒரு பூதமுகம். அதன் வாயிலிருந்து இருபுறமும் வழியும் பூங்கொடி. படத்தில் முகத்துக்குக் கீழ்த்தாடை இல்லை.

"இதென்னப்பா, வாய் உடைஞ்சு கிடக்கு," என்றாள் மனைவி நிருஜா, முந்தாநாள். "பின்னமானதை வீட்டில வச்சிருக்கக் கூடாது."

"இது கராஜ்."

"கராஜ் என்ன, பக்கத்து வீட்டுக்காரன்ரயோ? அதைத் திருத்துமட்டும் நான் உள்ள வரமாட்டன்."

இருபது வருடத்தில் அவளிடம் அவன் வென்ற வழக்கு ஒன்றுமில்லை. தடித்த தாடையொன்றை, பல்வரிசையோடு, இலவசமாகவே ஒட்டிவிட்டான்.

ஈரப் பிளாஸ்டரின் மணத்துக்கு நடுவே எங்கோ அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம், நிதானமாக, பசியாறுகிறவர் அவசரப்படாததுபோல். எலியாக்கும். மறுபடி எண்ணினான். ஏழு.

கைபேசி அடித்தது. காலையில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுச் சொவன். உள்ளே பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்டது. வெளியே தூறலில் போய் நின்றான். தேநீரோடு நிருஜா, மூக்குக்கண்ணாடியில் தூறல் படிய, அவனைக் கடந்து கராஜுக்குள் போனாள்.

"வாய் சுகமாயிட்டுதோ எண்டு பாக்கிறன்."

"அதற்கு ஏன் தாடை வைத்தீர்கள்?" சொவனின் ஆங்கிலம் தடுமாறியது. "தன் உடம்பையே தின்று தீர்த்தது அது. அதற்குமேல் மெல்லக் கூடாதென்றுதான் தாடை இல்லை. இன்றைக்கே உடைத்துவிடுங்கள்."

யசீகரன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

உள்ளே ஓடினான்.

மேசையில் தேநீர். ஆவி பறந்தது. தரையில் ஒற்றைச் செருப்பு.

"நிருஜா."

சுத்தியலை எடுத்தான். நிமிர்ந்தான்.

கொடி நிறைந்திருந்தது. இருபுறமும் ஒன்பது பூ. கடைசி இலைகளுக்குள் அவன் வார்க்காத ஓர் உருவம். விரலளவு. மூக்குக்கண்ணாடி. ஒரு கால் வெறுங்கால். பிளாஸ்டர் இன்னும் காயவில்லை.

ஓங்கிய கை அப்படியே நின்றது. உடைத்தால் எது உடையும்?

தாடை திறந்தது. கொடி ஓர் இலையளவு உள்ளே நகர்ந்தது.