ஸ்கேன் மெஷின் மேல் பச்சைப் பொட்டலம்

"ரத்த ரிசல்ட் வரட்டும்னு சொன்னேன்ல? அப்புறம் ஸ்கேன் எடுக்கலாம்!"

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்கணுமே டாக்டர்! ஏழு வாரக் கர்ப்பம். வயித்துவலியோட இப்ப தோள்பட்டையும் வலிக்குதுங்குறா. நம்ம மெஷின்லயே பாத்துடலாம்."

"அந்த மெஷினா? அதைத்தான் மார்ச்லேருந்து பட்டினி போட்டிருக்கீங்களே!"

சியாயி நகர ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், மழை கொட்டிய ஒரு பிற்பகலில் இப்படிக் கத்திக்கொண்டவர்கள் டாக்டர் காவும் நர்ஸ் ஷியூயுன்னும். கத்தினாளே தவிர ஷியூயுன்னுக்கு அதற்கும் தெம்பில்லை. கால் வீங்கி, இரண்டாவது ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே மெஷின் சமர்த்தாக வேலை செய்ய அதன் தலையில் பச்சை உறைத் தேங்காய்த் தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைப்பார்கள். பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. ஊரே சிரிக்கும், சிரித்துக்கொண்டே வாங்கியும் வைக்கும். ஷியூயுன்தான் மாற்றவில்லை. பொட்டலத்தின் தேதி தாண்டிய மெஷினை மெத்தப் படித்த காவும் தொடவில்லை.

அவள் மறக்கவில்லை, மெஷின் இருந்த அறைக்குள் போகப் பயம். போன வருஷம் ஷுஹுவா என்றொருத்தி இதே வலியோடு அங்கேதான் ரத்த ரிசல்ட்டுக்காக ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தாள். ஆபரேஷன் வரலாம் என்று பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை. "பசிக்குதுக்கா" என்றாள். ரிசல்ட் வந்தபோது அவள் இல்லை.

சரசர.

அந்த அறைக்குள் யாரோ பொட்டலம் பிரிக்கும் சத்தம்.

தேங்காய் வாசனை.

ஷியூயுன் திரையை விலக்கினாள். ஆளில்லை. மெஷினில் வெளிச்சம். வயிறு நிறைய ரத்தம் தேங்கிய படம். மூலையில் பெயர்: ஷுஹுவா.

பிளக் தரையில் கிடந்தது.

"இருடி," என்று முணுமுணுத்தாள். "இவளைக் காக்கவைக்க மாட்டேன்."

பிளக்கைச் செருகி, வலியில் கிடந்த கர்ப்பிணி யீஜென்னைக் கட்டிலோடு உள்ளே தள்ளிவந்தாள். காவ் திட்டிக்கொண்டேதான் கருவியை வயிற்றில் வைத்தார். கர்ப்பப்பையில் கரு இல்லை. கருக்குழாய் வெடித்து, வயிறெங்கும் ரத்தம். அதே படம்.

காவ் கட்டிலை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு அவரே ஓடினார். ரத்த ரிசல்ட் வந்தபோது யீஜென்னுக்குத் தையலே போட்டாகிவிட்டது.

காவ் அடுத்த மாதமே தாய்பேயில் ஒரு தோல் கிளினிக்குக்குப் போய்விட்டார். பருவுக்கு என்ன அவசரம்! அங்கே வரவேற்பில் இருந்தவளையே கட்டிக்கொண்டாராம். யீஜென் புருஷனோடு காவ்சியுங்கில் குடியேறி, இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள்.

ஷியூயுன் எங்கும் போகவில்லை. வாராவாரம் புதுப் பொட்டலம் வைக்கிறாள். ஒட்டு பிரியாது, ஓட்டை இருக்காது.

மறுநாள் தூக்கிப் பார்த்தால் உள்ளே காற்றுதான்.