கண் திறக்க வந்த அண்ணன்

நீலச் சாயம் காய்ந்ததும் அண்ணன் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டான். புதுச்சட்டை போட்டால் கஸ்பார் எப்போதும் செய்கிற வேலைதான் அது. பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. மீசை வைத்தாயிற்று, காலுக்குச் செருப்பும் போட்டாயிற்று. கட்டைவிரல் உயரப் பாவையாக அண்ணனே நிற்கிறான். முகத்தில் கண் மட்டும் இல்லை.

உயிர்ச்சாயம் வந்த பிறகு தூத்துக்குடியில் பாவை இல்லாத வீடே கிடையாது. கடையில் மொட்டைப் பாவை விற்கிறார்கள். வாங்கி வந்து மூக்கைச் செதுக்கி, தொப்பையைக் கூட்டிக் குறைத்து, வேண்டியவர் சாயலில் வண்ணம் பூச வேண்டும். தூரிகை பிடித்த கையின் அழுத்தம், தயக்கம், நடுக்கம் எல்லாவற்றையும் சாயத்துக்குள் இருக்கும் நுண்ணிழைகள் படித்துக்கொள்ளும். அந்த ஆளைப் பற்றி உங்கள் கைக்கு என்ன தெரியுமோ அதன்படி பாவை நடக்கும், உட்காரும். குட்டி அரங்கில் விட்டுப் படம் பிடித்துப் பேச்சுக்குமிழி ஒட்டினால் படத்தொடர் தயார். பிரகாசியின் ‘உப்புக்காற்று வீடு’ தொடருக்கு ஊர் உலகமெல்லாம் வாசகர்கள். நேரில் வந்து கதவைத் தட்டத்தான் ஒரு நாதி இல்லை.

கண் விஷயம் மட்டும் வேறு. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், அதுவும் ஆளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு. அந்த அரைமணி நேரம் அவர் யாரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரோ, அவரைத் தேடித்தான் பாவையின் பார்வை ஆயுசுக்கும் போகும். அம்மா படுக்கையில் கிடந்தபோது பிரகாசியைப் பார்த்தபடியே தன் பாவைக்குக் கண் திறக்கக் கொடுத்தாள். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பாவை, அரங்கில் எங்கே விட்டாலும், பிரகாசி இருக்கும் பக்கம் திரும்பி நிற்கிறது. மேசையைச் சுற்றி அவள் நடந்தால் அதுவும் சுற்றுகிறது. சில நாள் அதற்காகவே அவள் நடப்பாள்.

கஸ்பாருக்கு ஓசூரில் வேலை. அம்மா கிடையில் கிடந்தபோது தினமும் திரையில் வந்து பேசினான், அடக்கத்துக்குத்தான் நேரில் வந்தான். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால், “செத்த பொறவு மட்டும் என்னத்துக்கு வந்த?” என்று பிரகாசி கேட்டுவிட்டாள். கை மண்ணைக்கூடக் கழுவாமல் போனவன்தான். அதற்குப் பிறகு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து, அதற்கு ஒரு பதில், அவ்வளவுதான் பேச்சு. தொடரிலும் அண்ணன் வாசலைப் பார்த்துத் திரும்பியே நின்றான். கண் இல்லாதவனை வேறு எப்படி நிறுத்துவது? அவர் எப்போது திரும்புவார் என்று வாசகர்கள் வாய் ஓயாமல் கேட்டார்கள். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

வீம்பை விழுங்கிவிட்டு ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

“கண்ணு தெறக்கணும்ண்ணே. நீ வந்து ஒரு அரைமணி நேரம் உக்காந்தா போதும்.”

“அவ்வளவுதான பிள்ள, ஞாயித்துக்கெழம பாத்துக்கிடலாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்வந்தவள் சீலா மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்று மக்ரூன் இனிப்பு வாங்கி வைத்தாள். அரங்குக்குள் இருக்கும் குட்டித் தட்டிலும் களிமண்ணில் ஒரு மக்ரூன் செய்து வைத்தாள். வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். மின்தூக்கி ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை தாண்டிய பிறகு பால்கனியில் பார்சல் கொண்டுவரும் பறவண்டி ஒன்று இறங்கியது. பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் பறந்தது.

பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவில் கஸ்பார் இருந்தான். அச்சு அசலாக, நரைத்த மீசையோடு, கண்ணோடு. கூடவே கைபேசியில் அவன் குரல் வந்திருந்தது: “என்னத்துக்கு அலையணும்னு கண்ணாடி முன்னால உக்காந்து நானே ஒண்ணு செஞ்சு கண்ணு தெறந்துட்டேன் பிள்ள. வேல சுத்தமா இருக்கும், பாரு.”

சுத்தமாகத்தான் இருந்தது. பாழாய்ப்போன சுத்தம். மீசை நரைத்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு அவனை அரங்கில் இறக்கினாள். எப்படியோ வந்துவிட்டானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவள் எந்தப் பக்கம் நின்றாலும் அவன் அவளைப் பார்க்கவில்லை. நேராகப் படக்கருவிக்கு முன்னால் வந்து அதன் கண்ணாடி வில்லையைப் பார்த்து நின்றான். ஒரு படம் எடுத்துத் தொடரில் போட்டதுதான் தாமதம், அண்ணன் எங்களையே பார்க்கிறார் என்று வாசகர்கள் உருகித் தீர்த்துவிட்டார்கள். தாங்களும் கண்ணாடி பார்த்துத் தங்களைச் செய்து அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்பப் போவதாக ஆளாளுக்கு எழுதினார்கள்.

பிரகாசி வில்லையை மூடினாள். கஸ்பார் திரும்பிப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரிடம் போனான். டம்ளரை எடுத்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கண் திறந்த அரைமணி நேரமும் அவன் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அவனை உள்ளங்கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் நிமிர்ந்து நேராக அவள் கண்ணுக்குள் பார்த்தான். அவள் கருவிழியில் தெரிகிற தன் உருவத்தைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கண் எரிய எரிய இமைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கைபேசி சிணுங்கியது. அண்ணன்தான் எழுதியிருந்தான்.

“பத்திரமா வந்து சேந்துட்டனா பிள்ள?”

அடுப்பில் குழம்பு ஆறிக் கிடந்தது, ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. எதையெதையோ எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் இதைத்தான் அனுப்பினாள்:

“நீ இன்னும் வரலண்ணே.”

பதில் வந்தது.

“டெலிவரி ஆயிட்டுன்னு காட்டுதே.”