வாய் மூடிச் சிரித்த பை

சித்தி கடை திறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இதுவரை வந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள்.

ஆறாவது ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணையும் மூடிக்கொண்டார். “பின்னாடி மட்டும் கொஞ்சம் குறைச்சா போதும்மா.”

“ஐயா, இங்க இருந்த சலூனைக் காலி பண்ணிட்டாங்க. இது பை, ஜிப்பு ரிப்பேர் பண்ற கடை,” என்றார் சித்தி.

அவர் தலையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். சித்தி தையல் மெஷின்மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பை கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த கடை அது.

மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா மகள் நிமிர்ந்து பார்த்தாள். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பாள். அதனால் அவள் பெயரே பென்சில் ஆகிவிட்டது.

அன்று போர்டு எழுதும் பெயிண்டர் அளவெடுக்க வந்தார்.

“வெறும் எழுத்தை யாரு நின்னு படிக்கிறாங்க? ஒரு லோகோ வேணும். நாளைக்குச் சாயங்காலம் வரேன். படம் ஒண்ணும் கிடைக்கலேன்னா ரோஜாப்பூ போட்டுடறேன். எனக்கு அது நல்லா வரும்.”

“ஜிப்பு தைக்கிற கடைக்கு எதுக்கு ரோஜா?” என்றாள் பென்சில். “லோகோ நான் வரையறேன்.”

வீட்டுக்குப் போனதும் ஒரு ஜிப்பை வரைந்து தம்பியிடம் காட்டினாள். அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாது. அவனுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவள் கணக்கு.

“ரயில் தண்டவாளம்,” என்றான் தம்பி.

மாற்றி வரைந்தாள்.

“மீன் முள்ளு.”

இன்னும் மெல்லிசாக வரைந்தாள்.

“பூரான்,” என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டான்.

பதினாறு தாள் தீர்ந்தது. காலையில் சித்தி அதைப் பார்த்துவிட்டு, “விடுடி, ரோஜாவே இருந்துட்டுப் போகட்டும்,” என்றார்.

“இன்னும் சாயங்காலம் ஆகலையே சித்தி.”

பள்ளி விட்டதும் பென்சில் தம்பியை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு குட்டிப் பெண் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். புத்தகங்கள் தரையில் கிடந்தன.

“பை பல்லை இளிச்சிடுச்சு அக்கா. மூடவே மாட்டேங்குது,” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

பெயிண்டர் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. பென்சில் குனிந்து புத்தகங்களைப் பொறுக்கினாள். “வா, முதல்ல இதைச் சரி பண்ணிடலாம்.”

கடையில் சித்தி பையை வாங்கிப் பார்த்தார். ஜிப்பில் ஓடும் ரன்னர் தளர்ந்திருந்தது. குறட்டால் அதன் இரு பக்கமும் மெல்ல அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ரென்று மூடிக்கொண்டது.

குட்டிப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஆனால் வாயைத் திறக்காமலே சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

பென்சில் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். மூடிய பையைப் பார்த்தாள். காதிலிருந்து பென்சிலை உருவினாள்.

பை கெட்டால் பல்லை இளிக்கும். சரியானால் வாயை மூடிச் சிரிக்கும். அவ்வளவுதானே.

உருண்டையாக ஒரு பை. மேலே இரண்டு கண். கீழே சிரிப்பாக வளைந்த ஜிப்பு. கன்னத்தோரம் ரன்னர்.

தம்பி எட்டிப் பார்த்தான். “பை. ஜிப்பு போட்டதும் சிரிக்குது.”

‘அப்பாடா’ என்று பென்சில் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பெயிண்டர் வந்து தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “ரோஜா வேணாமா?”

“வேணாம் மாமா.”

அவர் ஏணியில் ஏறினார். படத்தை முடித்துவிட்டு, எழுத்துக்கு வேறு பிரஷ் எடுக்கக் கீழே இறங்கினார். போர்டில் இன்னும் ஓர் எழுத்துகூட இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா பெரிய பயணப் பையோடு நின்று, அண்ணாந்து போர்டைப் பார்த்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே வந்து பையை மேஜைமேல் வைத்தார்.

“நாளைக்கு ஊருக்குப் போகணும். இந்த ஜிப்பை இன்னிக்கே மாத்திக் குடுத்துடுவீங்களா?”

“உட்காருங்க, அரை மணி நேரத்துல ஆயிடும்,” என்று சித்தி ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.