கடைசி இடத்தில் ஒரு டாக்டர்!

போன் அலறியது.

கோபிநாத் எடுக்கவில்லை. காலையில் முதல் காபி உள்ளே இறங்கும் வரை எந்தப் போனையும் எடுப்பதில்லை என்பது அவன் கொள்கை.

மறுபடியும் அலறியது.

கொள்கை தோற்றது. எடுத்தான்.

"நீங்கதானே 'நம்ம ஆஸ்பத்திரி'ங்கிற வெப்சைட்டு நடத்துறீக?" அதட்டிப் பழகிய பெண் குரல்.

"ஆமா... நீங்க?"

"இன்ஸ்பெக்டர் துர்காதேவி. சோமு டாக்டர் ஆஸ்பத்திரிக்கு உடனே வாங்க."

"ஏன் மேடம்... டாக்டர் ஏதாச்சும் புகார் குடுத்திருக்காரா?"

"புகார் குடுக்குற நிலைமையில அவர் இல்ல. செத்துக் கெடக்கார். தனக்குத் தானே விஷ ஊசி போட்டுக்கிட்டாராம். காரணம்... உங்க சைட்டுங்கிறாக!"

கோபிநாத்தின் கையிலிருந்த டம்ளர் நழுவி, காபி லுங்கியெல்லாம் கொட்டியது. சூடு கூட உறைக்கவில்லை.

"இன்னொண்ணு... சைட்டுல ஒரு எழுத்தைக் கூடத் தொடக் கூடாது. அப்படியே விட்டுட்டு வாங்க!"

லைன் அறுந்தது.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரி எப்படி என்று சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லும் சைட் அது. கோபிநாத் போன வாரம்தான் திறந்திருந்தான். தலைசுற்ற வைக்கும் எண்களையெல்லாம் வெறும் நிறங்களாக்கியிருந்தான். பச்சையா... தைரியமாகப் போகலாம். சிவப்பா... யோசித்துப் போகலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்கலாம்.

நல்ல காரியம்தான். ஒரே ஒரு தப்பைத் தவிர!

அந்தத் தப்பு அவனுக்கு முன்னாடியே தெரியும்.

பைக் சாவியைத் தேடிக்கொண்டே, தன்னிடம் வேலை பார்க்கும் சத்தியப்பிரியாவைப் போனில் பிடித்தான்.

"சத்யா... சோமு டாக்டர் செத்துட்டாரு!"

"ஐயையோ! எப்படிண்ணே?"

"தற்கொலையாம்... நம்ம சைட்டப் பாத்துட்டு."

"நான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே..."

சொன்னாள்தான். சைட்டைத் திறப்பதற்கு முன்பே, அதைப் போனில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். காய் வாங்க வந்த பெண்களிடம் காட்டி, "இதுல எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீக?" என்று கேட்டாள். அத்தனை பேரும் சோமு டாக்டர் ஆஸ்பத்திரியைத் தொட்டு, "இங்குட்டு மட்டும் போக மாட்டோம்" என்றார்கள்.

காரணம், அது சிவப்பில் இருந்தது. கடைசி இடத்தில்!

நிஜத்தில் அதுதான் வட்டாரத்திலேயே சுத்தமான ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்த புண்ணில் சீழ் பிடிப்பது அங்கே ரொம்ப ரொம்பக் குறைவு. மற்ற விஷயங்களில் எண் கூடினால் நல்லது. சீழ் விஷயத்தில் மட்டும் எண் குறைந்தால்தான் நல்லது. போனில் தெரிவதற்கான பக்கத்தைச் செய்தபோது கோபிநாத் அதைத் திருப்பிப் போட மறந்துவிட்டான். ஆக, நிறையச் சீழ் பிடித்த ஆஸ்பத்திரி பச்சைப் பசேலென்று முதலிடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது!

"திறப்பு விழாவுக்கு ஆளுகளக் கூப்பிட்டாச்சு, அப்புறம் சரி பண்ணிக்கலாம்னீக." சத்தியப்பிரியாவின் குரல் உடைந்தது. "இப்பவாச்சும் மாத்திரவாண்ணே?"

"வேணாம். போலீஸ் தொடக் கூடாதுன்னுட்டாக."

பைக் பறந்தது. வழியெல்லாம் சோமு டாக்டரின் குரல் காதில் கேட்டது. விவரம் கேட்டுப் போனபோது எத்தனை பெரிய டாக்டர்கள் அவனை வாசலோடு விரட்டினார்கள்! அவர் மட்டும்தான் உட்காரவைத்து, "உள்ளதப் போடுங்க தம்பி. நான் மோசம்னா அதையும் போடுங்க" என்றார்.

உள்ளதைப் போட்டானா பாவி?

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். உள்ளே, தன் அறையில், மேஜை மேல் தலை சாய்ந்து கிடந்தார் டாக்டர். இடது சட்டைக் கை மடித்துவிடப்பட்டிருந்தது. காலடியில் ஊசி.

கோபிநாத் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"கொலைகாரா!"

ஒருவன் பாய்ந்து வந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். துர்காதேவி நடுவில் புகுந்து விலக்கினாள்.

"கைய எடுங்க! இவர் டாக்டரோட மாப்பிள்ளை, நாராயண். நீங்கதான் கோபிநாத்தா?"

"ஆமா மேடம்... என்னைக் கைது பண்ணுங்க."

"நான் இன்னும் ஒரு கேள்வி கூடக் கேக்கலையே!"

"கேக்கவே வேணாம் மேடம். தப்பு இருக்குன்னு தெரிஞ்சே திறந்தேன். ஊரு கைதட்டணும்னு அவசரப்பட்டேன். நல்ல மனுஷன நான்தான் கொன்னுட்டேன்!"

"கேட்டுக்கிட்டீகளா மேடம்? அவன் வாயாலயே ஒத்துக்கிறான்!" நாராயண் விம்மினான். "காலையில மாமா எனக்குப் போன் பண்ணுனாக. 'மாப்பிள்ளை, இப்பத்தான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். என்னையச் சிகப்புல, கடைசியில போட்டிருக்கான். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வைத்தியம் பாக்குறது?'ன்னு அழுதாக. ஓடியாந்தேன். அதுக்குள்ள..."

தன் போனை நீட்டினான். சிவப்பு! கடைசி இடம்!

கோபிநாத்தின் அழுகை பாதியில் நின்றது.

"எதுல பாத்ததாச் சொன்னாக?"

"இந்தா... இந்தக் கம்ப்யூட்டர்லதான். அவுக வச்சிருக்கிறது பட்டன் போனு. வேற எதுல பாப்பாக?"

"மேடம்... அந்தக் கம்ப்யூட்டரக் கொஞ்சம் பாருங்க!"

மேஜை மேல் திரை இருண்டு கிடந்தது. துர்காதேவி உறை மாட்டிய விரலால் மவுஸைத் தட்டினாள்.

திரை விழித்தது. அதே சைட்.

முதல் இடம்... டாக்டர் சோமு ஆஸ்பத்திரி.

பச்சை!

"தப்பு போன்ல மட்டும்தான் மேடம்!" கோபிநாத்துக்கு நாக்கு குழறியது. "கம்ப்யூட்டர்ல ஆரம்பத்துலருந்தே சரியாத்தான் இருக்கு. இதுல பாத்தவருக்குச் சிகப்பு எப்படித் தெரியும்?"

நாராயணின் நெற்றியில் வியர்வை.

"அது... மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது..."

"கண்ணு தெரியாதவர்தான் நேத்து வரைக்கும் ஆபரேஷன் பண்ணுனாராக்கும்?" இன்ஸ்பெக்டர் மடக்கினாள்.

துர்காதேவி டாக்டரின் பட்டன் போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். உதட்டில் ஒரு சிரிப்பு நெளிந்தது.

"உங்க மாமா இன்னைக்கு யாருக்குமே போன் பண்ணலையே மாப்பிள்ளை!"

நாராயண் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் மருதுவின் மார்பில் மோதி, பொத்தென்று விழுந்தான்.

"இந்த இடத்த வித்துரலாம்னு கெஞ்சுனேன்... கேக்க மாட்டேன்னுட்டாக!" தரையில் கிடந்தபடியே கத்தினான். "போன்ல அந்தச் சிகப்பப் பாத்தேன்... அவமானத்துல செத்துட்டாகன்னா எல்லாரும் நம்புவாகன்னு ஊசியக் குத்திட்டேன்..."

விலங்கு மாட்டினார்கள். இழுத்துப் போனார்கள்.

கோபிநாத்துக்கு மூச்சு வந்தது. முழு மூச்சு வரவில்லை. அவன் கொல்லவில்லை. ஆனால் கொன்றவனுக்கு ஒரு காரணத்தைக் கூலியில்லாமல் செய்து கொடுத்தவன் அவன்தான். டாக்டரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"வீட்டுக்குப் போங்க. வாக்குமூலம் நாளைக்கு வாங்கிக்கிறேன்," என்று நகர்ந்த துர்காதேவி, சட்டென்று நின்றாள்.

"ஒரு நிமிஷம்... அப்ப போன்ல பச்சையா, முதல்ல இருக்கே ஒரு ஆஸ்பத்திரி..."

"அதுதான் மேடம் இருக்குறதுலயே மோசம். சீழ் பிடிக்கிறது அங்கதான் ஜாஸ்தி."

இன்ஸ்பெக்டரின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது.

"என்ன மேடம்?"

"என் மாமியாருக்கு இன்னைக்கு அங்கதான் மூட்டு ஆபரேஷன்! போன்ல பச்சையப் பாத்து, நான்தான் பிடிவாதமாச் சேத்தேன்! யோவ் மருது, ஜீப்ப எடு!"

கோபிநாத் போனைக் காதில் அழுத்தினான். "சத்யா! மொதல்ல அந்தப் போன் பக்கத்தத் தூக்கு! இப்பவே!"

துர்காதேவி அவன் கையைப் பிடித்து ஜீப்புக்கு இழுத்தாள்.

"நான் எதுக்கு மேடம்?"

"மாமியாருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, மருமக திட்டம் போட்டுத்தான் சேத்தான்னு எங்க வீட்டுல சொல்லுவாக... என் வீட்டுக்காரர்கிட்டருந்து எனக்கு ஜாமீன் எடுக்க நீங்கதான்யா வரணும்!"